சட்டை மாற்றிய நுண்ணுயிர்

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயிலில் ஏறி ஆரம்பாக்கத்தில் இறங்குங்கள். அங்கிருந்து கிழக்கே சென்றால் பழவேற்காடு ஏரியின் கரையை அடையலாம். ஆறுகள் கொண்டுவரும் நன்னீரும் முகத்துவாரம் வழியே ஏறும் கடல்நீரும் இங்கே கலக்கின்றன. அதனால் இது உவர்நீர் ஏரி. மழைக்காலத்தில் உப்பு குறையும், கோடையில் கூடும். மீனவர் குப்பங்களுக்கு இறாலும் நண்டும் தரும் இத்தகைய உவர்நீரே விப்ரியோ என்னும் பாக்டீரியாக் குடும்பத்துக்கும் தாய்வீடு. இறால் பண்ணை வைத்திருப்போர் அப்பெயரை நன்கு அறிவார்கள். காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே அக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பரிணாமம் என்றதும் டார்வின் 1859இல் வெளியிட்ட நூலும், பாறையில் புதைந்த எலும்புகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அது லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடக்கும் செயல் என்றே நினைக்கிறோம். ஆனால் 1992இல் அதன் ஒரு படி, சென்னை மருத்துவர்களின் கண்ணெதிரே வெளிப்பட்டது. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

ஓரறை வீடு

இந்த நுண்ணுயிரை 1854இல் இத்தாலியின் பாசினி நுண்நோக்கியில் கண்டார். 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் அதைத் தனியே பிரித்து வளர்த்தார். அது வெளிவிடும் நச்சுப்பொருளே நோய்க்குக் காரணம் என்று 1959இல் காட்டியவர், அதே கல்கத்தாவின் சம்புநாத் டே.

வளைந்த கோல் போன்ற அதன் உடலின் நீளம் சுமார் 2 மைக்ரான். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறை வரிசையாக அடுக்கலாம். நம் உடலின் உயிரணுவைப் பல அறைகள் கொண்ட மாளிகை என்றால், இது ஓரறை வீடு. உட்கரு இல்லை. மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. சவ்வுக்குள் அடைபடாமல், இரண்டு வளையங்களாக உள்ளே கிடக்கிறது. புரதம் செய்யும் ரைபோசோம்கள் சுற்றிலும் நிறைந்துள்ளன. ஒரு முனையில் உள்ள கசையிழை சுழன்று, படகின் எந்திர விசிறிபோல் உடலைத் தள்ளுகிறது.

நம் கதைக்கு முக்கியமானது வெளிச்சவ்வு. அதிலிருந்து சர்க்கரை மூலக்கூறுகளாலான சங்கிலிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. இதை அந்த உயிரின் சட்டை எனலாம். நம் உடலின் எதிர்ப்பொருள்கள் பெரிதும் இந்தச் சட்டையைப் பார்த்தே எதிரியை அடையாளம் காண்கின்றன. விஞ்ஞானிகளும் சட்டையை வைத்தே வகை பிரித்து, ஓ1, ஓ2 என்று எண்ணிட்டனர். கொள்ளைநோயாகப் பரவும் ஆற்றல் ஓ1 வகைக்கு மட்டுமே உண்டு என்று நெடுங்காலம் கருதப்பட்டது.

1992இல் நடந்தது என்ன?

அவ்வாண்டின் பிற்பகுதியில் சென்னையில் காலரா நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளை ஓ1 எதிர்ச்சீரத்துடன் கலந்தபோது, அவை வழக்கம்போல் திரளவில்லை. நோயோ சந்தேகத்துக்கு இடமில்லாத காலரா. பின்னர் கல்கத்தாவிலும் வங்காளதேசத்திலும் அதே கிருமி கொள்ளைநோயாகப் பரவியது. அதுவரை அறிந்திருந்த 138 வகைகளில் எதனோடும் அது பொருந்தவில்லை. எனவே ஓ139 என்று பெயரிட்டனர். வழக்கமாகக் காலரா காணும் ஊர்களில் பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும்; குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுவார்கள். இம்முறை பெரியவர்களும் பெருமளவில் விழுந்தனர். பழைய சட்டையை மட்டுமே அறிந்த காவலாளி, புதுச் சட்டையில் வந்த திருடனை உள்ளே விட்டுவிட்டான்!

மரபணுக்களை ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. இது ஓ1 வகையைச் சேர்ந்த எல்டார் கிருமியே. ஆனால் சட்டை நெய்யும் மரபணுக்கள் அடங்கிய, சுமார் 22 ஆயிரம் எழுத்து நீளமுள்ள பகுதி போய், அவ்விடத்தில் 35 ஆயிரம் எழுத்து நீளமுள்ள வேறொரு பகுதி வந்து அமர்ந்திருந்தது. சிறுசிறு பிழைகள் சேர்ந்து ஏற்பட்ட மாற்றமன்று இது. வேறொரு பாக்டீரியாவிடமிருந்து மொத்தமாகப் பெற்றது.

இது எங்கே நடந்திருக்கக்கூடும்? இறால், நண்டு ஆகியவற்றின் ஓடும், நீரில் மிதக்கும் நுண்ணிய துடுப்புக்காலிகளின் ஓடும் கைட்டின் என்னும் பொருளால் ஆனவை. விப்ரியோ அந்த ஓட்டில் ஒட்டி வாழும். கைட்டின் மீது வளரும்போது, சுற்றியுள்ள டி.என்.ஏ.வை உள்ளிழுக்கும் திறன் அதற்கு வந்துவிடுகிறது என்று 2005இல் கண்டறிந்தனர். 2007இல் பிளோகெஷ், ஸ்கூல்னிக் இருவரும், கைட்டின் பரப்பில் ஓ1 கிருமி ஓ139ஆக மாறுவதை ஆய்வகத்திலேயே நிகழ்த்திக் காட்டினர்.

புதிய இனமா?

அப்படியானால் ஓ139 ஒரு புதிய இனமா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். இல்லை. தமக்குள் கூடி இனம் பெருக்குபவை ஓர் இனம் என்று 1942இல் எர்ன்ஸ்ட் மேயர் தந்த இலக்கணம் மானுக்கும் மயிலுக்கும் பொருந்தும். இரண்டாகப் பிளந்தே பெருகும் பாக்டீரியாவுக்கு அது பொருந்தாது. எனவே டி.என்.ஏ. ஒப்புமையே அளவுகோல். இரண்டு பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. சுமார் 95 விழுக்காடு ஒத்திருந்தால் அவை ஓரினம். அதன்படி ஓ139, சட்டை மாற்றிய விப்ரியோ காலரேதான். எனினும் டார்வின் கூறிய இரண்டு அங்கங்களும் இங்கே இருக்கின்றன: வேறுபாடு தோன்றியது; மனிதரின் எதிர்ப்புச் சக்தி என்னும் சல்லடை அதைத் தேர்ந்தெடுத்தது. சில ஆண்டுகளில் மக்களிடம் ஓ1 மீண்டும் மேலோங்கியது. இயற்கைத் தேர்வு யாருக்கும் நிரந்தர வெற்றி தருவதில்லை.

சேலைத் துணி

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் என்னை வியக்கவைத்த செய்தி ஒன்று உண்டு. ரீட்டா கோல்வெல் குழுவினர் வங்காளதேசக் கிராமங்களில், பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குடிநீரை வடிகட்டச் செய்தனர். காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் அறிவித்தனர். அந்த மடிப்புகளின் துளை சுமார் 20 மைக்ரான். 2 மைக்ரான் கிருமி அதில் எப்படிச் சிக்கும்? கிருமி சிக்கவில்லை, அது ஏறி அமர்ந்திருந்த துடுப்புக்காலி சிக்கியது!

ஆனாலும் தனித்து மிதக்கும் கிருமிகள் துணியைக் கடந்துவிடும் என்பதை மறவாதீர்கள். நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதே பாதுகாப்பு. கிருமி எந்தச் சட்டையில் வந்தாலும் கொதிநீரில் தப்புவதில்லை.