மேசை மேல் குவார்க்குகளா? குளிர் அணுக்களைக் கொண்டு துகள் இயற்பியலைப் படிக்கும் முறை

"ஆய்வகத்தில் பிரபஞ்சத்தை உருவாக்கிவிட்டார்கள்", "மேசையின் மீது ஒரு பெருவெடிப்பு" என்பன போன்ற தலைப்புகள் அவ்வப்போது நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. சிலர் வியந்து பகிர்கிறார்கள். சிலர் 'எல்லாம் பொய்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம். இத்தகைய செய்திகள் பலவற்றின் பின்னால் உண்மையான ஓர் ஆய்வுத்துறை இருக்கிறது. அங்கே யாரும் பிரபஞ்சத்தை உருவாக்கவில்லை. சாதாரண அணுக்களை மிகக் கடுமையாகக் குளிர்வித்து, லேசர் ஒளியால் பிடித்து வைத்து, வேறு துகள்களுக்குரிய விதிகளின்படி அவற்றை நடக்கச் செய்து, என்ன நிகழ்கிறது என்று பார்க்கிறார்கள். கலைப் பட்டம் பெற்ற நமக்கு இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது. புரிந்த அளவை இங்கே தருகிறோம்.

முதலில் தேவை என்ன என்பதைப் பார்ப்போம். நம் உடலின் எடையில் பெரும்பகுதி புரோட்டான்களிலும் நியூட்ரான்களிலும் இருக்கிறது. புரோட்டானுக்குள் மூன்று குவார்க்குகள் இருப்பதாகப் பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். அந்த மூன்றின் எடையையும் கூட்டினால் புரோட்டானின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் வரும். மீதி எல்லாம் அவற்றைப் பிணைத்திருக்கும் விசையின் ஆற்றல். அந்த விசைக்கான சமன்பாடுகள் 1970களிலேயே எழுதப்பட்டுவிட்டன. அவற்றைத் தீர்த்து விடை காண்பதுதான் பெரும்பாடு. 1974ஆம் ஆண்டு கென்னத் வில்சன் ஒரு வழி சொன்னார்: இடத்தையும் காலத்தையும் சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு கணக்கிடலாம். அந்த வழியில் சூப்பர் கம்ப்யூட்டர்கள் பல ஆண்டுகள் உழைத்தன. 2008இல் ஐரோப்பிய ஆய்வுக்குழு ஒன்று புரோட்டானின் எடையைச் சில விழுக்காட்டுப் பிழைக்குள் கணக்கிட்டுக் காட்டியது. அது பெரிய வெற்றி.

ஆனால் அந்த முறை அசையாமல் நிற்கும் பொருளுக்குத்தான் நன்றாக வேலை செய்கிறது. இரண்டு துகள்கள் மோதிய கணத்திலிருந்து அடுத்தடுத்து என்ன நடக்கிறது, நியூட்ரான் நட்சத்திரத்தின் நடுவே நெருக்கியடித்துக் கிடக்கும் பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டால் கம்ப்யூட்டர் திணறுகிறது. காரணத்தை ஒரு கடைக்கணக்காகச் சொல்லலாம். கோடி கோடியாக வரவு, அதே அளவு கோடி கோடியாகச் செலவு, கடைசியில் மிச்சம் ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், வரவு செலவில் எங்கே ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் விடை கெட்டுவிடும். கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று விழுங்கும் இந்தச் சிக்கலைக் 'குறிச் சிக்கல்' என்று சொல்லலாம்.

இன்னொரு தடையும் உண்டு. இரண்டே நிலைகள் கொண்ட 300 குவாண்டம் துகள்களின் நிலையை முழுமையாக எழுதி வைக்க 2ஐ 300 முறை பெருக்கினால் வரும் அளவுக்கு எண்கள் தேவை. நம் பார்வைக்கு எட்டும் பிரபஞ்சத்தின் மொத்த அணுக்களின் எண்ணிக்கையைவிட அது பெரியது. 1981இல் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் ஓர் உரையில் இதைச் சுட்டிக்காட்டி, குவாண்டம் விதிப்படி நடக்கும் ஒன்றைக் கணக்கிட, அதே விதிப்படி நடக்கும் இன்னொன்றையே கருவியாக்கலாம் என்றார். குளிர் அணு ஆய்வு அந்த யோசனைக்குக் கைகால் முளைத்தது போன்றது.

ஏன் குளிர்? அறை வெப்பத்தில் ஓர் அணு வினாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் பறக்கிறது. அதைப் பிடித்து நிறுத்தாமல் எந்த விதியையும் கற்பிக்க முடியாது. எதிரே வரும் அணுவின் மீது லேசர் ஒளியைத் தொடர்ந்து பாய்ச்சினால், ஒவ்வொரு ஒளித்துகளும் அதைச் சிறிதளவு பின்னுக்குத் தள்ளி வேகத்தைக் குறைக்கிறது. இதற்காக ஸ்டீவன் சூ, கிளாட் கோஹன் தனுஜி, வில்லியம் ஃபிலிப்ஸ் ஆகியோர் 1997இல் நோபல் பரிசு பெற்றார்கள். பிறகு, டம்ளர் டீயை ஊதி ஆற்றும்போது சூடான ஆவி வெளியேறி மீதி குளிர்வது போல, வேகமான அணுக்களை மட்டும் வெளியேற்றுகிறார்கள். 1995இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ருபிடியம் அணுக்களைக் கெல்வினின் கோடியில் இரண்டு பங்குக்கும் குறைவான வெப்பநிலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நிலையில் அணுக்கள் தனித்தன்மை இழந்து ஒரே அலைபோல ஒன்றிவிட்டன. இத்தகைய நிலை சாத்தியம் என்பதற்கான கணிதம் டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த சத்யேந்திரநாத் போஸ் 1924இல் ஐன்ஸ்டீனுக்கு அனுப்பிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. அதனால்தான் அதற்குப் போஸ்-ஐன்ஸ்டீன் செறிவு என்று பெயர்.

அடுத்து அணுக்களை வரிசையில் உட்கார வைக்க வேண்டும். எதிரெதிராக லேசர் கற்றைகளைச் செலுத்தினால் ஒளி மேடும் பள்ளமுமாக அமைகிறது. முட்டைத் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குழிக்கும் குழிக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. லேசரின் வலிமையைக் கூட்டினால் குழி ஆழமாகும், அணு நகராது. குறைத்தால் பக்கத்துக் குழிக்குத் தாவும். 2002இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இதைச் செய்து காட்டிய பிறகே இத்துறை சூடுபிடித்தது.

இனிதான் விஷயத்தின் மையம். துகள் இயற்பியலின் கோட்பாடுகளைக் 'கேஜ் கோட்பாடுகள்' என்கிறார்கள். அவற்றில் எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் நகர்த்த முடியாது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கணக்கு நேர் செய்யப்பட வேண்டும். ஓரிடத்தில் மின்னூட்டம் இருந்தால் அதைச் சுற்றியுள்ள மின்புலம் அதற்கு ஈடாக இருந்தே ஆக வேண்டும். இதற்குக் காஸ் விதி என்று பெயர். இயற்கையில் இது தானாகவே காக்கப்படுகிறது. லேசர் குழியில் கிடக்கும் ருபிடியம் அணுவுக்கு இந்த விதியைப் பற்றி எதுவும் தெரியாது. அதை எப்படிக் கட்டுப்பட வைப்பது?

சீனாவின் ஹெஃபெய் நகர ஆய்வகமும் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020இல் 'நேச்சர்' இதழில் ஒரு விடை தந்தன. 71 குழிகள் ஒரே வரிசையில். ஒன்றுவிட்டு ஒன்றை 'வீடு' என்றும், இடையில் உள்ளதைச் 'சந்து' என்றும் வைத்துக்கொள்வோம் (பெயர்கள் நாம் வைத்தவை). வீட்டில் ஓர் அணு இருந்தால் அங்கே ஒரு மின்னூட்டத் துகள் இருப்பதாகப் பொருள். சந்து மின்புலத்தைக் குறிக்கும். எந்த வீட்டை எடுத்துக்கொண்டாலும் மூன்றே அமைப்புகள்தாம் அனுமதி: வீட்டில் ஓர் அணு, இரு பக்கச் சந்தும் காலி, அல்லது வீடு காலி, இடப்பக்கச் சந்தில் இரண்டு அணுக்கள், அல்லது வீடு காலி, வலப்பக்கச் சந்தில் இரண்டு. எண்களில் எழுதினால் 010, 200, 002. வேறு எது வந்தாலும் கணக்கு உதைக்கும்.

ஆக, அடுத்தடுத்த இரண்டு வீட்டு அணுக்களும் ஒரே நேரத்தில் நடுச்சந்துக்கு இறங்கலாம். துகளும் எதிர்த்துகளும் சந்தித்து மறைந்து மின்புலம் மாறுவதற்கு அது ஒப்பு. ஒன்று மட்டும் தனியே இறங்கக் கூடாது. இதைக் காவல் போட்டுத் தடுக்கவில்லை, ஆற்றல் கணக்கால் தடுத்தார்கள். சந்தை வீட்டைவிடத் தாழ்வாக வைத்தார்கள். இரண்டு அணுக்கள் ஒரே குழியில் நெருங்கினால் ஒன்றையொன்று விலக்கும். இருவரும் சேர்ந்து இறங்கும்போது கிடைக்கும் ஆற்றல் அந்த விலக்குக்குச் சரியாக ஈடாகிறது, அதனால் நிகழ்கிறது. தனியாக இறங்கினால் ஈடு கிடைக்காது, அதனால் நிகழ்வது மிக அரிது. முதலில் வீட்டுக்கு ஓர் அணு வைத்து, அமைப்பை மெல்ல மாற்றி, இறுதியில் மூன்று அமைப்புகள் எந்த அளவுக்கு மீறப்பட்டன என்று எண்ணிப் பார்த்தார்கள். மீறல் இருந்தது. ஆனால் பெரும்பாலும் விதி காக்கப்பட்டது. மீறலை மறைக்காமல் அளந்து சொன்னதுதான் நம் பார்வையில் இந்த ஆய்வின் சிறப்பு.

2025இல் வெளியான இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். இரண்டு குவார்க்குகளைப் பிரித்து இழுத்தால் இடையே ஒரு கயிறு போல விசை நீள்கிறது. எவ்வளவு நீட்டினாலும் இழுவை குறைவதில்லை. ஏறத்தாழ 15 டன் எடையைத் தாங்கும் அளவு. ஒரு கட்டத்தில் கயிறு அறுந்து, அறுந்த இரு முனைகளிலும் புதிய குவார்க்குகள் தோன்றிவிடும். அதனால்தான் தனிக் குவார்க்கை யாரும் பார்த்ததில்லை. இது உண்மையில் நிகழும் நேரம், வினாடியை 1க்குப் பின் 23 சுழியங்கள் கொண்ட எண்ணால் வகுத்த அளவு. நேரில் படம் பிடிக்க வழியே இல்லை. ஹார்வர்ட், இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் க்யூஎரா நிறுவனமும் ருபிடியம் அணுக்களை இரு பரிமாணத் தளத்தில் அடுக்கி, இதே போன்ற 'கயிறு அறுதலை' வெகு மெதுவான ஓட்டத்தில் கண்டார்கள். கோடிக்கணக்கான மடங்கு பெரிதாக்கி, மெதுவாக்கிப் பார்க்க முடிவதுதான் இந்த முறையின் உண்மையான பயன்.

ஆனால் அங்கே அறுந்தது குவார்க்குகளின் கயிறு அல்ல. அதே வடிவக் கணக்குக்கு உட்பட்ட, எளிமைப்படுத்தப்பட்ட வேறொன்று. 71 குழிச் சோதனை ஒரே பரிமாணத்தில், மின்காந்தக் கோட்பாட்டின் சுருக்கப்பட்ட வடிவம். குவார்க்குகளின் முழுக் கோட்பாடு மூன்று பரிமாணங்களில், மூவகை 'நிற' மின்னூட்டங்களோடு இயங்குவது. அதை அணுக்களில் முழுமையாக அமைக்க இதுவரை எவராலும் முடியவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இந்தச் சோதனைகள் ஒரு கோட்பாட்டிலிருந்து என்ன விளைகிறது என்று சொல்லும். அந்தக் கோட்பாடு இயற்கையில் மெய்யா என்று தீர்ப்புச் சொல்லாது. அதற்கு ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மோதுவிப்பான் போன்ற கருவிகளே இன்றும் தேவை. அணுக்கள் காட்டிய விடை கோட்பாட்டோடு ஒத்துப்போகாவிட்டால், ஆய்வாளர்கள் முதலில் சந்தேகிப்பது தங்கள் லேசரைத்தான். சிறிய அளவில் கம்ப்யூட்டர் கணக்கோடு ஒப்பிட்டு நம்பிக்கை பெறுகிறார்கள். கம்ப்யூட்டர் எட்டாத அளவுக்குப் போன பிறகு எதை வைத்துச் சரிபார்ப்பது என்பது அவர்களுக்குள்ளேயே நடக்கும் விவாதம்.

வீட்டில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் இதைப் பற்றிப் பேசினால் 'இல்லாத ஒன்றைப் பற்றிய படிப்பு' என்று தள்ளிவிட வேண்டாம். குளிர் அணு ஆய்வகங்கள் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்திலும் புனேயின் ஐசரிலும் இயங்குகின்றன. வில்சன் காட்டிய கட்டக் கணக்கில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் பல ஆண்டுகளாக ஆய்வு நடந்துள்ளது. சேர்க்கை அறிவிப்புகளை அந்தந்த நிறுவனங்களின் இணையதளங்களில் நேரடியாகப் பார்த்துக்கொள்ளலாம்.