ஊசி போட்டவங்க குரல் இருக்கு, போட்டுக்கிட்டவங்க குரல்?

1966. அமெரிக்க 'பீஸ் கார்ப்ஸ்' தொண்டரா 68 வயசு நர்ஸ் ஒருத்தங்க பம்பாய் விக்ரோலிக்கு வந்தாங்க. பேரு லில்லியன் கார்ட்டர். ஆமா, பின்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரோட அம்மாதான்.

முதல்ல கொடுத்தது குடும்பக் கட்டுப்பாட்டு வேலை. அது ஒத்துவரல. தொழிலாளர் காலனி கிளினிக்குக்கு மாறி ஊசி போட்டாங்க, தொழுநோயாளிகளையும் பார்த்தாங்க. வீட்டுக்கு எழுதின கடிதங்கள் 1977ல புத்தகமாச்சு.

1961லிருந்து 1976 வரை இப்படி இந்தியா வந்தவங்க 4,000 பேருக்கு மேல. (பனிப்போர் அரசியலும் இதுல உண்டு, அது தனி த்ரெட்.) திரும்பிப் போன தொண்டர்களோட நேர்காணல்களை கென்னடி நூலகம் சேர்த்து வச்சிருக்கு. பலதை இணையத்துல இலவசமாவே கேக்கலாம்.

ஆனா அதுல பேசுறது தொண்டர்கள்தான். நோயாளிகளோ, கூட வேலை செஞ்ச நம்ம ஊழியர்களோ இல்ல.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில 60கள்ல வேலை பார்த்த நர்ஸம்மா, ஆயாம்மா எல்லாம் இப்ப 80 தாண்டியிருப்பாங்க. உங்க தெருவுல யாராவது இருந்தா, போனை ஆன் பண்ணி பேச விடுங்க.