கிண்டி ரேஸும் 614 ரூபாய் வாடகையும்

நாற்பது, ஐம்பது வருடங்களுக்கு முன்னால் சென்னையில் ஒருவரைப் பற்றி "அவர் சனி, ஞாயிறு ஆனா கிண்டிக்குப் போயிடுவார்" என்று சொன்னால், பாம்புப் பண்ணை பார்க்கப் போகிறார் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குதிரை ரேசுக்குப் போகிறார் என்று அர்த்தம். சொல்கிறவர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் சொல்வார். பெண் கொடுப்பதற்கு முன்னால் விசாரிக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்றாக இருந்தது.

கிண்டியில் குதிரைப் பந்தயம் தொடங்கியது 1777-ல். கம்பெனி ஆட்சிக் காலம். வெள்ளைக்கார அதிகாரிகளும் பட்டாள ஆபீசர்களும் பொழுதுபோக்காக ஆரம்பித்தார்கள். மெட்ராஸ் ரேஸ் கிளப் என்று முறையாக அமைந்தது 1896-ல். குளிர்காலத்தில் கிண்டி, வெயில் ஏறியதும் ஊட்டி. துரைமார் மலையேறியபோது குதிரைகளும் கூடவே ஏறின! பிறகு ராஜாக்களும் ஜமீன்தார்களும் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் செட்டியார்களும் சினிமாக்காரர்களும் வந்தார்கள். கடைசியில் மின்சார ரயிலைப் பிடித்துக் குமாஸ்தாக்களும் வந்து சேர்ந்தார்கள். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது, கிண்டி ஸ்டேஷன் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. வசதிதானே.

பழைய ரேஸ்காரர்கள் யாரையாவது பேசவிட்டுப் பாருங்கள். முதலில் வருவது பணக் கதையாக இருக்காது. கையில் சுருட்டிய ரேஸ் புத்தகம், அதில் பென்சிலால் போட்ட கோடுகள், வெற்றிலைபாக்குக் கடை ஓரத்தில் காதோடு காதாகக் கிடைக்கும் டிப்ஸ், "இது லாயத்திலிருந்தே வந்த சேதி" என்ற சத்தியம். இதெல்லாம்தான் முதலில் வரும். கடைசித் திருப்பத்தில் குதிரைகள் நேர்கோட்டுக்கு வரும்போது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று ஒரே குரலாகக் கத்துவதைச் சொல்லும்போது எழுபது வயதுக்காரர் முகமும் மாறிவிடும். ஜெயித்த குதிரையின் பெயர், ஜாக்கியின் பெயர், எந்த வருடம், எத்தனைக்கு எத்தனை கொடுத்தான் என்று எல்லாம் ஞாபகம் இருக்கும். தோற்ற குதிரைகளின் பெயர்தான் ஒன்றுகூட நினைவுக்கு வராது. அந்தக் கணக்கு வீட்டம்மாவுக்குத் தெரியும். அடகுக் கடைச் சீட்டு பீரோவில் இருக்குமே!

இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுத்தான் பார்ப்போமே. பந்தயம் கட்ட இரண்டு வழி. ஒன்று புக்கி. அவர் போர்டில் விலை எழுதி வைத்திருப்பார். மூன்றுக்கு ஒன்று என்று கட்டினால், ஜெயித்தால் அதே விலை. இன்னொன்று டோட். இதில் எல்லோர் பணமும் ஒரே உண்டியலில் விழும். கிளப்பின் கமிஷனும் அரசாங்கத்தின் வரியும் போக மீதியை ஜெயித்த குதிரை மேல் கட்டியவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். கழிவு 20 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் சேர்ந்தால் பங்குக்கு வருவது 8,000. ஜெயித்த குதிரை மேல் மொத்தம் 4,000 ரூபாய் கட்டப்பட்டிருந்தால் ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய். யாரும் சீந்தாத குதிரை, அதன் மேல் 200 ரூபாய்தான் என்றால் ஒரு ரூபாய்க்கு 40 ரூபாய்!

அந்த நாற்பது ரூபாய்தான் ஆளைக் கெடுத்தது. குதிரை ஓடுவதற்கு முன்பே 2,000 ரூபாய் வெளியே போய்விட்டதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு நாளில் எட்டு ரேஸ், வந்த பணத்தையெல்லாம் கூட்டம் திரும்பத் திரும்பக் கட்டுகிறது என்றால், சாயங்காலம் அந்தக் கூட்டத்திடம் மிஞ்சுவது நூற்றுக்குப் பதினாறு ரூபாய் சொச்சம். எந்தக் குதிரை ஜெயித்தாலும் இதுதான் விடை. ஒருவர் கை நிறைய வாங்கிக்கொண்டு போனால், மற்றவர்கள் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டியதுதான்.

கிண்டியால் வாழ்ந்தவர்களும் உண்டு. எஸ்.எஸ். வாசன் ரேஸ் பிரியர். அவருடைய 'ஜெமினி ஸ்டார்' என்ற பந்தயக் குதிரையின் பெயரால்தான் ஜெமினி ஸ்டூடியோவுக்குப் பெயர் வந்தது என்று ஒரு கதை வெகு காலமாகச் சொல்லப்படுகிறது. செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமியின் குதிரைகள் நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்ட கிளாசிக் பந்தயங்களை ஜெயித்தன. அது கின்னஸ் சாதனை. 2015-ல் அவர் மறைந்தபோது ரேஸ்காரர்கள் ஒரு யுகமே முடிந்ததாகப் பேசினார்கள்.

ஏழைக் குடும்பங்கள் நாசமாகின்றன என்ற குரல் 1940-களிலேயே பலமாகிவிட்டது. சூதாட்டச் சட்டத்தில் குதிரைப் பந்தயத்தையும் சேர்க்க 1949-ல் ஒரு திருத்தம் நிறைவேறியது. நிறைவேறியதோடு சரி, கால் நூற்றாண்டு காலம் அதை அமலுக்குக் கொண்டுவரவில்லை. 1974-ல் கருணாநிதி அரசு குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டமே கொண்டுவந்தது. பழைய திருத்தத்தையும் தூசி தட்டி 1975 மார்ச் 31 முதல் அமல் என்று அறிவித்தது. அதன் நினைவாக வைத்ததுதான் அண்ணா மேம்பாலத்தின் பக்கத்தில், திமிறும் குதிரையை ஒரு மனிதன் பிடித்து அடக்குகிற மாதிரி இருக்கிறதே, அந்தச் சிலை. சென்னைவாசிகள் அந்தப் பாலத்தை ஜெமினி பாலம் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கதை உண்மையானால், பந்தயக் குதிரையின் பெயர் கொண்ட பாலத்தடியில் பந்தய ஒழிப்புச் சிலை! இப்படி ஒரு பொருத்தம் யோசித்து வைத்தாலும் அமையாது.

வேடிக்கை என்னவென்றால், சிலை நின்றது, ரேஸ் நிற்கவில்லை. ரேஸ் கிளப் வழக்குப் போட்டது, சட்டத்துக்கு நீதிமன்றத் தடை வந்தது, குதிரைகள் ஓடிக்கொண்டே இருந்தன. 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் இன்னொரு சட்டம். இது ஒழிப்பதற்கு இல்லை, ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்வதற்கு! இரண்டும் ஒன்றாக உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1996 ஜனவரி 12-ல் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் இல்லை என்றது நீதிமன்றம். குதிரையின் வம்சம், பழைய ஓட்டங்கள், சுமக்கும் எடை, ஜாக்கியின் கை எல்லாவற்றையும் படித்துத்தான் கட்டுகிறார்கள், சீட்டுக் குலுக்கல் மாதிரி கிடையாது என்பது வாதம். சூது என்று ஒழிக்கப் புறப்பட்ட அரசு, அதையே தானே ஏற்று நடத்துவது எப்படி என்றும் கேட்டது. 1986 சட்டம் ரத்தானது.

சட்டப்படி சரியான வாதம்தான். இருந்தாலும் வள்ளுவர் சூதுக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கியபோது, ஆடுகிறவனுக்குத் திறமை இருக்கிறதா என்று பார்த்து எழுதவில்லை. சகுனி உருட்டியதும் திறமைதானே? கிண்டியில் குதிரையைப் படித்துக் கட்டியவர்கள் இருந்தார்கள். லாயத்துச் சேதியை நம்பிக் கட்டியவர்கள் அவர்களைவிட அதிகம். வீட்டில் அரிசி வாங்க வைத்திருந்த காசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இத்தனை அடி தாங்கிய கிண்டி ரேசைக் கடைசியில் எது வீழ்த்தியது தெரியுமா? வாடகை!

அரசு நிலம் 160 ஏக்கர் 86 சென்ட், 1945-ல் 99 வருடக் குத்தகைக்கு ரேஸ் கிளப்புக்குக் கொடுக்கப்பட்டது. வருட வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் நாலு ரூபாய்கூட வரவில்லை. சுற்றிலும் நகரம் வளர்ந்து, சென்டு கணக்கில் மனை விற்கிற காலம் வந்த பிறகும் ஒப்பந்தத்தில் அதே தொகை. அரசு வாடகையை உயர்த்தியது, கிளப் மறுத்தது, மறுபடியும் வழக்கு. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் பாக்கி 730 கோடியே 86 லட்சம் ரூபாயைக் கட்டச் சொன்னது. 2024-ல் அரசு குத்தகையை ரத்து செய்து, செப்டம்பர் 9-ம் தேதி வாசலுக்குச் சீல் வைத்தது. ஊட்டி ரேஸ் மைதானத்தையும் அதே வருடம் ஜூனில் வாடகைப் பாக்கிக்காகவே மீட்டிருந்தார்கள். நியாயம், அநியாயம் என்று எழுபத்தைந்து வருடம் பேசித் தீராததை ஒரு பாக்கி நோட்டீஸ் முடித்துவைத்தது.

கிண்டி நிலத்தில் பூங்காவும் மழைநீர் தேங்கக் குளங்களும் என்று முடிவானது. வெள்ளத்தில் மிதந்து பழகிய வேளச்சேரிக்காரர்களுக்கு நல்ல செய்தி. விடியற்காலையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டித் தேய்த்துவிட்ட சையிஸ்களும், லாடம் அடித்தவர்களும் அந்த வாசலை நம்பித்தான் இருந்தார்கள். ஒரு ரூபாய்கூடப் பந்தயம் கட்டாதவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். 730 கோடிக் கணக்கில் அவர்கள் எந்தப் பக்கத்திலும் வரவில்லை.