செருப்பு நழுவுகிற கேள்வி

நரம்பியல் போதனையின் வரலாற்றை 1882இல், பாரிஸில் ஷார்கோவுக்கு நரம்புநோய்ப் பேராசிரியர் பதவி கிடைத்ததிலிருந்து எழுதுவது வழக்கம். 1887இல் புரூயே தீட்டிய ஓவியத்தில் ஷார்கோ பேசுகிறார், மாணவர்கள் பார்க்கிறார்கள், நோயாளிப் பெண் துவண்டு சாய்ந்திருக்கிறாள். அவளுக்குப் பேச்சில்லை. ஃபூக்கோ சொன்ன மருத்துவப் பார்வைக்கு வேறு சாட்சி வேண்டாம்.

இங்கே 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும் 1950இல் சென்னையில் பி. ராமமூர்த்தியும் துறையைத் தொடங்கினார்கள். கோவை மருத்துவக் கல்லூரி 1966இல் வந்தது. நம் வரலாறுகள் இந்த ஆண்டுகளோடு திருப்திப்பட்டுக்கொள்கின்றன. வார்டுப் பேச்சு அவற்றில் இல்லை.

ஆனால் நரம்புநோயில் பேச்சுதான் பாதிச் சோதனை. 'நடக்கும்போது செருப்பு கழண்டா தெரியுதா?' என்று கேட்க நம் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். தெரிந்து கழன்றால் தசைப் பலவீனம். தெரியாமலே கழன்றால் உணர்ச்சி இழப்பு. பூட்ஸ் போட்ட ஊரின் கேள்வியல்ல இது. செருப்போடு நடக்கிற சனங்களின் கேள்வி. அதற்குப் பல்லடத்துத் தறிக்காரர் 'மரத்துப்போச்சுங்க', 'மதமதன்னு இருக்குதுங்க', 'எரியுதுங்க' என்று பிரித்துப் பிரித்துச் சொல்வார். கேஸ் ஷீட்டில் ஏறும்போது எல்லாம் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடக் கூடும்.

தமிழில் முடியாது என்பது வெறும் பேச்சு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளியிட்டார். மொழிப்பெருமைக்காக இதை நான் சொல்லவில்லை. நோயாளியின் சொல்லுக்குப் பாடத்தில் இடமில்லாதவரை, தப்பிப்போவது அவர் நோயின் பெயர்தான்.