காவிரிப் படுகையில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முன்கணிப்பு

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முன்கணிப்பு என்பது, நோயாளிகள் மருத்துவமனைக்கு வருமுன்பே வயல்நீர், கொசு, பன்றி ஆகியவற்றைக் கண்காணித்து, நோய் பரவக்கூடிய காலத்தையும் இடத்தையும் மதிப்பிடும் முறையாகும். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1955-இல் வேலூரில் அறியப்பட்டது. 2012-இல் நடுவண் அரசு இந்நோய்த் தடுப்புக்கெனத் தேர்ந்த 60 மாவட்டங்களுள் தஞ்சாவூரும் திருவாரூரும் அடங்கும்.

நோயாளிக் கணக்கின் குறை

வைரஸ் தொற்றிய ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது. ஆகவே ஒரு குழந்தை வலிப்புடன் சேர்க்கப்படும்போது வைரஸ் அவ்வூரில் முன்பே பரவியிருக்கும். நோயைக் குணப்படுத்தும் தனி மருந்தும் கிடையாது. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் வாராந்திர அறிக்கைகள் இன்றியமையாதவை. எனினும் இந்நோயைப் பொறுத்தவரை அவை பிந்திய செய்தியே.

முன்னறிகுறிகள்

நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் ட்ரைடீனியோரின்கஸ் என்னும் கொசு நெல்வயலில் தேங்கிய நீரில் பெருகுகிறது. நடவுக்குப் பின் பயிர் அடர்ந்து நீரை மறைக்கும் வரையுள்ள வாரங்களில் இதன் புழுக்கள் மிகுதி. வழக்கப்படி மேட்டூர் அணை சூன் 12-இல் திறக்கப்படும். ஆனால் 2022-இல் மே 24 அன்றும், 2024-இல் சூலை 28 அன்றும் திறக்கப்பட்டது. எனவே நாட்காட்டியை மட்டும் நம்பிய கணிப்பு தவறும். கடைமடைக்கு நீர் பிந்தி வருவதும், ஆழ்குழாய்க் கிணறு உள்ளோர் அணைக்குக் காத்திராமல் குறுவை நடுவதும் கணக்கிற் கொள்ளத்தக்கவை.

கொசு மிகுதி மட்டுமே நோயைக் குறிக்காது. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடமிருந்து வரும் வைரஸ் பன்றிகளின் உடலில் பன்மடங்காகிறது; இக்கொசு பெரிதும் கடிக்கும் மாடுகளிலோ மனிதரிலோ அவ்வாறு பெருகுவதில்லை. ஜப்பானில் 1960-கள் முதல் கோடைதோறும் பன்றிகளின் குருதியில் எதிர்ப்பொருள் சோதிக்கப்படுகிறது.

செலவு

அந்திவேளையில் மாட்டுக் கொட்டில்களில் உறிஞ்சுகுழாயால் கொசு பிடித்து, ஓராள் ஒரு மணி நேரத்தில் பிடித்த எண்ணிக்கையைக் குறிப்பது மலிவான அளவீடாகும். பிடித்த கொசுக்களை ஐம்பது ஐம்பதாகத் தொகுத்துச் சோதித்தால் ஆய்வகச் செலவும் குறையும். எண்ணிக்கை உயரும் ஊர்களில் தடுப்பூசி விடுபட்ட குழந்தைகளைத் தேடவும், பன்றிக் கொட்டில்களைக் குடியிருப்பிலிருந்து விலக்கவும், வயலைக் காயவிட்டுப் பாய்ச்சவும் சில வாரங்கள் கிடைக்கின்றன. காயவிடும் முறை முறைப்பாசனத்தில் எளிதன்று: அடுத்த முறை நீர் எப்போது வருமென அறியாத உழவர் வயல்நீரை வடிக்கத் தயங்குவர்.