கேட்டில் பிறந்த செய்தி

செங்கல்பட்டுக்கு அருகே சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் மேம்பாலப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தபோது, ரயில்வே கேட் மூடும் ஒவ்வொரு முறையும் ஒரு செய்தி பிறந்தது. கேட்டைப் பூட்டினால்தான் சிக்னல் விழும். செங்கல்பட்டு மின்சார ரயில் ஒன்று, பின்னாலேயே தென்மாவட்ட விரைவு ரயில் ஒன்று என்று அடுத்தடுத்து வந்தால் சாலை திறப்பதே அபூர்வம். ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் அப்படியே நிற்கும். நடுவில் ஆம்புலன்ஸும் மாட்டிக்கொள்ளும்.

பைக்கில் நிற்கும் யாரோ ஒருவர் படம் எடுத்து, உள்ளூர் நிருபருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அந்தப் படம் இன்னும் செய்தி ஆகவில்லை. பாலம் ஏன் முடியவில்லை என்ற கேள்வியோடு அது பல வாசல் ஏற வேண்டும். தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதி தெற்கு ரயில்வேயுடையது. அதை இரு பக்கமும் சாலையோடு சேர்க்கும் பாலம் மாநில நெடுஞ்சாலைத் துறை. நிலம் எடுப்பு வருவாய்த் துறை. சற்றுத் தள்ளி ஓடும் ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பு. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகும்வரை கலெக்டர் ஆபீஸ் காஞ்சிபுரத்தில் இருந்தது. எந்தக் கோப்பு எந்த மேஜையில் தங்கியிருக்கிறது என்பது, அங்கெல்லாம் வாராவாரம் போய் நிற்பவருக்குத்தான் தெரியும். பத்திரிகைக்காரர்கள் ‘பீட்’ என்பது இதைத்தான். 1833-ல் நியூயார்க் ‘சன்’ பத்திரிகைக்காக ஜார்ஜ் விஸ்னர் தினமும் போலீஸ் கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் இதே வேலைதான்.

எழுதிய செய்தி ஒரு காலத்தில் கவருக்குள் புகுந்து பஸ் ஏறிச் சென்னைக்குப் போனது. பிறகு ஃபேக்ஸ், பிறகு இமெயில். இன்று டெஸ்க்குக்குப் போய்ச் சேரச் சில நொடி போதும். ஊர்ப் பெயரைத் தலைப்பில் ஏற்றி, சில நிமிடங்களில் இணையதளத்தில் போட்டுவிடுகிறார்கள். அச்சுத்தாளில் மறுநாள் மாவட்டப் பக்கத்தில் ஒரு பத்திச் செய்தியாக வரும். இணையத்தில் உடனே எண்ணிக்கை பார்க்கிறார்கள்: எத்தனை பேர் படித்தார்கள்? சினிமாச் செய்தியின் பக்கத்தில் கேட் செய்தி நிற்கவே முடியாது. ஆனால் அந்த எண்ணிக்கையை வைத்து இதை அளப்பது தவறு. படித்தவர்களில் ஒருவர் கோட்டப் பொறியாளராக இருந்தால் அதுவே போதும்.

இணையம் தந்த பெரிய வரம் வேகம் அல்ல, ஞாபகம். ‘இன்னும் ஆறு மாதத்தில் முடியும்’ என்று அதிகாரி சொன்னது அச்சுத்தாளில் இருந்தபோது பழைய பேப்பர் கடைக்குப் போனது. இப்போது ஊர்ப் பெயரைத் தட்டினால் பழைய வாக்குறுதிகள் தேதிவாரியாக வந்து நிற்கின்றன. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போகிறவர் அவற்றை அச்செடுத்து இணைக்கலாம். அடுத்த பேட்டியில் நிருபரும் அவற்றை வைத்தே கேட்கலாம்.

கேட்பதற்கு அந்த நிருபர் அதே ஊரில் இருக்க வேண்டும். பகுதிநேர நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமான செய்திக்குத்தான் பணம். பலன் இல்லாமல் ஐந்து முறை ஆபீஸுக்கு நடந்ததற்கு யாரும் தருவதில்லை. ஆறாவது முறை கிடைக்கும் செய்தி அந்த நடையில்தான் விளைகிறது. பத்திரிகை, இணையதள நிர்வாகங்கள் அந்த நடைக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்.