இருமலோடு வந்தவர்கள்: மைசூரு முதல் தும்கூரு வரை காசநோயின் வரலாறு

மைசூருவின் தேவராஜ மொஹல்லாவில் சந்தையும் பெரிய அரசு ஆஸ்பத்திரியும் கூப்பிடு தூரத்தில் அமைந்தவை. காய்கறி மூட்டையோடு வரும் கிராமத்தார் அப்படியே கிருஷ்ணராஜேந்திரா மருத்துவமனைக்குள்ளும் நுழைந்துவிட்டுப் போகலாம். காசநோய்க்கான இடம் மட்டும் அங்கிருந்து விலகி, கிருஷ்ணராஜ சாகர் சாலையில், அன்றைய நகர எல்லைக்கு வெளியே தேர்ந்தெடுக்கப்பட்டது. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் சகோதரி கிருஷ்ணாஜம்மண்ணி இந்நோய்க்குப் பலியானார். அவர் நினைவாக 1920களின் தொடக்கத்தில் எழுந்ததே இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணி காசநோய் சானடோரியம். அரண்மனைச் சுவர்கூட இந்நோயைத் தடுக்கவில்லை என்பதற்கு அந்தப் பெயரே சான்று.

பொது மருத்துவமனை ஊருக்கு நடுவில், காசநோய் மருத்துவமனை ஊருக்கு வெளியில் என்ற இந்த ஏற்பாடு மைசூருக்கு மட்டும் உரியதன்று. மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம், சென்னைக்கு அப்பால் தாம்பரத்தில் டேவிட் சௌரி முத்து 1928இல் நிறுவிய சானடோரியம் ஆகியனவும் இதே கருத்தில் பிறந்தவை. கிருமியைக் கொல்லும் மருந்து இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே சிகிச்சை. நோயாளியைப் பிரித்து வைப்பதும் அதன் ஒரு பகுதி. ஆனால் கணக்கு உதைத்தது. 1946இல் போர் குழு தன் அறிக்கையை அளித்தபோது நாட்டில் ஏறத்தாழ 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும், ஆண்டுதோறும் 5 லட்சம் பேர் இறப்பதாகவும் மதிப்பிடப்பட்டது. இருந்த படுக்கைகளோ சுமார் 6,000. சானடோரியம் என்பது, அதை நடத்தியவர்கள் எவ்வளவு அர்ப்பணிப்போடு உழைத்திருந்தாலும், மிகச் சிலருக்கே எட்டிய மருத்துவம்.

ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோநயாசிட் ஆகிய மருந்துகள் வந்த பின்னர்தான் படுக்கை உண்மையில் தேவையா என்று கேட்க முடிந்தது. அந்தக் கேள்வியைச் சோதித்தது சென்னை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர் தம் நெரிசலான வீடுகளிலேயே இருந்து ஓராண்டு மருந்து உட்கொண்டனர். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் உணவும் மேலாக இருந்தன. எடையும் கூடுதலாக ஏறியது. எனினும் குணமடைவதில் பெரிய வேறுபாடு இல்லை என 1959இல் முடிவுகள் வெளியாயின. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குத் தொற்று அதனால் கூடவில்லை என்பதும் பின்னர்த் தெரிந்தது.

இம்முடிவு அளவுக்கு மீறியும் வாசிக்கப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். மருந்து முறையாகக் கிடைத்தால் நல்ல உணவு இல்லாமலும் கிருமி அடங்கும் என்பதுதான் ஆய்வு சொன்னது. காசநோய்க் கொள்கையில் உணவுக்கு இடமே வேண்டியதில்லை என்று அது சொல்லவில்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் வீட்டாருக்குச் சத்துணவு அளித்தபோது அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. சானடோரியக் காலத்தவர் உணவைப் பற்றிக் கொண்டிருந்த நம்பிக்கை முற்றிலும் தவறன்று. அதன் பயன் வேறு இடத்தில் இருந்தது.

படுக்கை வேண்டாம் என்றானதும் அடுத்த சிக்கல் எழுந்தது: நோயாளிகளை எங்கே தேடுவது? 1955 முதல் 1958 வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, இந்நோய் நகரத்தைப் போலவே கிராமத்திலும் பரவியிருப்பதைக் காட்டியிருந்தது. ஊர் ஊராக எக்ஸ்ரே வண்டி அனுப்புவதே வழி என்று பலர் எண்ணினர். அறியாத மக்கள் தாமாக வரமாட்டார்கள் என்பது அதன் பின்னிருந்த எண்ணம்.

1959இல் பெங்களூருவில் தொடங்கிய தேசிய காசநோய் நிறுவனம் இந்த எண்ணத்தையே ஆய்வுக்கு உட்படுத்தியது. சமூகவியல் நோக்குடைய மருத்துவர் டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் அன்றைய மைசூர் மாநிலத்தின் தும்கூர் மாவட்டத்தில் நோயாளிகளைச் சந்தித்து விசாரித்தனர். 1963இல் வெளியான அக்கட்டுரை எளிமையானது, சங்கடமானது. பெரும்பாலோர் தம் உடலில் ஏதோ கோளாறு என உணர்ந்திருந்தனர். பலர் அதற்காகக் கவலைப்பட்டனர். பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே ஏதேனும் ஒரு சுகாதார நிலையத்தின் வாசலை மிதித்திருந்தனர். அங்கே அவர்களுக்குப் பொதுவாகக் கிடைத்தது இருமல் மருந்து. சளியை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க ஒருவரும் முனையவில்லை.

நோயாளி ஒளிந்திருக்கவில்லை. ஊர் நடுவிலிருந்த பொது மருத்துவமனையின் வரிசையில்தான் நின்றிருந்தார். 1962இல் உருவான தேசிய காசநோய்த் திட்டம் இக்கண்டுபிடிப்பின் மீதே எழுந்தது: மாவட்டத்துக்கு ஒரு காசநோய் மையம், சாதாரண மருத்துவமனைகளிலேயே சளிப் பரிசோதனை, வீட்டிலேயே இலவச மருந்து. அந்நிறுவனத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் பணியாற்றிய ஹாஃப்டன் மாலர், 1973இல் அந்த உலக நிறுவனத்துக்கே தலைமை இயக்குநரானார். 1978இல் அல்மா ஆட்டாவில் ஆரம்ப சுகாதாரம் பற்றிப் பேசப்பட்டதில் இந்த அனுபவத்தின் சாயல் உண்டு.

தாளில் இருந்த திட்டம் தரையில் தளர்ந்தது. நிதி போதவில்லை, மருந்து இடையிடையே தீர்ந்தது, குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகள் ஊழியர்களின் நேரத்தை விழுங்கின. 1992இல் நடந்த மறுஆய்வு, சிகிச்சையை முடித்தவர்கள் சிறுபான்மையினரே எனக் கண்டது. அதன் விளைவாக 1993இல் சோதனை முறையிலும் 1997 முதல் விரிவாகவும் திருத்திய திட்டம் வந்தது. ஊழியர் முன்னிலையில் மருந்து விழுங்கும் முறை அதன் அடையாளமாயிற்று. அந்த முறைக்கும் இடைவிட்ட மருந்தளிப்புக்கும் வேர் சென்னை ஆய்வுகளில் இருக்கிறது. நாள்தோறும் மருந்து என்ற முறைக்கு நாடு 2017இல்தான் திரும்பியது.

இத்தனை ஆண்டுகளிலும் பதிவேடுகளில் நிலைத்திருந்த சொல் ஒன்று உண்டு. சிகிச்சையை இடையில் நிறுத்தியவர், மருந்து தீர்ந்துபோனதால் வெறுங்கையோடு திரும்பியவராயினும், ‘தவறியவர்’ என்றே எழுதப்பட்டார். உலக சுகாதார நிறுவனம் அச்சொல்லைக் கைவிட்டு, தொடர்பு விட்டுப்போனவர் என்னும் பொருளில் எழுதச் சொன்னது 2013இல். தும்கூர்க் கட்டுரை வெளியாகி அப்போது 50 ஆண்டுகள் ஆகியிருந்தன.